கடைசி மண்டலாவின் அசல்

கண்டுபிடித்துவிட்டேன்டா. நீ கடைசியாகப் போனில் அனுப்பிய மண்டலா எந்தப் படத்தை மடித்துச் செய்தது, அதன் அசல் எது என்று இன்று காலை கண்டுபிடித்துவிட்டேன்.

சட்டைக் காலருக்குள் முடித் துணுக்குகள் குத்திக்கொண்டிருக்கின்றன. கழுத்தைச் சுற்றி சலூன் பவுடர் வாசனை, காதோரம் படிகாரக் கல் தேய்த்த எரிச்சல். முடிவெட்டிக்கொண்டு வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் எதையும் தொடக் கூடாது என்பது ஸ்டெல்லாவின் சட்டம். உங்கள் ஸ்ரீரங்கத்து மடிக்கு எங்கள் பாலக்கரை வீட்டுச் சட்டம் கொஞ்சமும் இளைத்ததில்லை என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். அதனால் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். "வெந்நீர் ஆறுதுங்க" என்று கீழேயிருந்து குரல் வந்துவிட்டது. ஆறட்டும். குளித்துவிட்டால் இந்தத் துணுக்குகள் போய்விடும். அவை குத்திக்கொண்டிருக்கும்போதே உனக்கு எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது.

அசல் என்ன என்று உடனே சொல்ல மாட்டேன். நீ மட்டும் என்னை எத்தனை காலைகள் தவிக்க விட்டிருக்கிறாய். இன்று ஒரு நாள் நீ காத்திரு.

அந்தப் படம் கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலையில் வந்தது. கீழே வழக்கம்போல் ஒரு கேள்விக்குறி, வேறு ஒரு வார்த்தை இல்லை. வெள்ளையும் சாம்பலுமாக மெல்லிய கோடுகள், காற்று ஒரே பக்கமாகச் சாய்த்த புல்லைப் போல் ஓடி வந்து, ஓரிடத்தில் சுழன்று உள்ளே போகின்றன. பக்கத்திலேயே இன்னொரு சுழல். இரண்டுக்கும் கீழே ஒரு வெற்றுக் கோடு, ஒன்றும் முளைக்காத தரை மாதிரி. இவ்வளவும் எட்டு மடிப்பாக மடங்கி, முழுப் படமாகப் பார்க்கும்போது வெள்ளைத் தாமரை ஒன்று நீரில் மெல்லச் சுற்றுவதுபோல் இருந்தது. நீ செய்ததிலேயே அழகான மண்டலா அதுதான் என்று அப்போதே நினைத்தேன்.

"நத்தை ஓடு" என்று அனுப்பினேன். "இல்லை" என்றாய். "அம்மா மண்டபத்துப் படித்துறைக் காவிரிச் சுழல்" என்றேன். "இல்லை. நன்னாப் பாரு. ரொம்பப் பக்கத்துலதான் இருக்கு" என்று பதில் வந்தது. சாயந்திரம் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிப் படுத்த நீ எழுந்திருக்கவில்லை என்று மாமி போன் செய்தாள். உன் மனைவியை எல்லாரையும்போல நானும் மாமி என்றுதான் கூப்பிடுகிறேன், அவள் என்னை அண்ணா என்கிறாள். எந்த உறவுக் கணக்கிலும் சேராத இந்த முறையை நீ ஒரு நாளும் திருத்தவில்லை.

போன வாரம் மாமி மறுபடி கூப்பிட்டாள். "அடுத்த மாசம் அவர் போய் வருஷம் ஆறது, வருஷாப்தீகம் வரது அண்ணா. மனசுல ஒண்ணு உறுத்திண்டே இருக்கு. கடைசியா உங்களுக்கு ஒரு படம் அனுப்பினாரே, அது என்னதுன்னு தெரிஞ்சுதா? பார்வை போயிண்டே இருந்த மனுஷர். அவர் ஆசையாக் கடைசியா எதைப் பார்த்தார்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு." எனக்குத் தெரியவில்லை மாமி என்று சொல்ல நாக்கு கூசியது. உன் படங்களை என்னைவிட நன்றாகப் படித்தவன் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

படிப்பது என்றால், நாம் இருவரும் படித்தே பிழைத்தவர்கள். கொதிகலன் தொழிற்சாலையில் குழாயையும் குழாயையும் ஒட்டும் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, அந்த பிலிமைப் பார்த்து, உள்ளே விரிசல் இருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா, கசடு தங்கியிருக்கிறதா என்று சொல்வதுதான் நம் வேலை. வெளியே வெயில் கொளுத்தும்போது நாம் இருட்டறைக்குள் விளக்குப் பெட்டியின் முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்திருப்போம். உள்ளே நுழைந்ததும் பிலிமைத் தொடக் கூடாது. இருட்டுக்குக் கண் பழகும்வரை சும்மா உட்கார வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் நாம் நண்பர்களானோம். நீ உங்கள் வீட்டுத் தெருவில் பெருமாள் புறப்பாடு வரும் அழகைச் சொல்வாய், நான் பாலக்கரையில் தேர்பவனி அன்று எங்கள் அப்பா பேண்டு வாத்தியத்தோடு தகராறு செய்த கதையைச் சொல்வேன். முகம் தெரியாத இருட்டில் பேசுவது எவ்வளவு சுலபம்.

அந்த இருட்டில் ஒரு நாள் திறந்து கிடந்த பிலிம் அலமாரிக் கதவில் குனிந்து நிமிர்ந்த வேகத்தில் என் பின்மண்டை இடித்தது. நீதான் கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை நடத்திக்கொண்டு போனாய். தையல் போட்ட பிறகு என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "விரிசல்டா. ரிஜெக்ட் பண்ண வேண்டிய மண்டை. மாத்தித் தர வேற மண்டை ஸ்டாக் இல்லைன்னு பாஸ் பண்ணியிருக்கேன்" என்றாய். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு வலியிலும் சிரிப்பு வந்தது.

ஓய்வு பெற்றதும் இருவரும் திண்டாடினோம். நான் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து ஸ்டெல்லாவிடம் திட்டு வாங்கினேன். உன் மகள் பெங்களூரிலிருந்து வந்தவள், அப்பா சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று உன் போனில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். ஏதாவது ஒரு படத்திலிருந்து வட்டக் கேக்கை வெட்டுவதுபோல் ஒரு துண்டை எடுத்து, அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பி அடுக்கி, வட்டமாக்கிவிடும். சின்ன வயதில் திருவிழாக் கடையில் வாங்கும் குழலுக்குள் வளையல் துண்டுகள் பூப்பூவாக மாறுமே, அதேதான். நீ முதலில் முற்றத்துக் கறிவேப்பிலைக் கொத்தைப் படம் எடுத்து அதில் போட்டாய். அன்றிலிருந்து உனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று.

ஆனால் நீ செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் உன் மண்டலா எதிலும் நிறமே கிடையாது. ஒவ்வொரு படத்தையும் முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, அதையும் தலைகீழாக்கி, வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் மாற்றி, பிறகுதான் மடிப்பாய். செம்பருத்தி, மயில் இறகு, மாம்பழத் தோல் எல்லாமே சாம்பல். நீ வேண்டுமென்றே செய்யவில்லை, நம் கண்ணுக்கு அதுதான் படம். அதைவிட வேடிக்கை, நானும் அதைக் கவனிக்கவில்லை. ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்டெல்லா என் போனை எட்டிப் பார்த்து, "என்னங்க இது, யாருக்கு நெஞ்சுல எக்ஸ்ரே எடுத்திருக்கு? ரொம்ப முத்திடுச்சா?" என்று பதறினாள். அது உங்கள் வீட்டுத் துளசி.

முதன்முதலாக ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்து வந்தாயே, அதையும் மறக்கவில்லை. உங்கள் கூடத்தில் விரித்து வைத்தாய். வேப்பிலையில் செய்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பிலிமில் குறையைக் குறிக்கும் பழைய மஞ்சள் மெழுகுப் பென்சிலை எடுத்து, பூச்சி கடித்த ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாய். பிறகு அடுத்த ஓட்டைக்கு ஒரு வட்டம், அதற்கடுத்ததற்கு ஒன்று. படத்தைச் சுற்றி வந்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாய். நீ வரைந்த மஞ்சள் வட்டங்களும் சேர்ந்து ஒரு கோலமாக நின்றன. 

"ஆரோக்கியம், இதைப் பாத்தியா? தப்பு ஒரு இடத்துல இருந்தா ரிஜெக்ட். எட்டு இடத்துல இருந்தா டிசைன். இது தெரியாம எத்தனை வெல்டரைத் திட்டியிருப்போம்" என்றாய்.

காபி கொண்டு வந்த மாமி நின்று பார்த்தாள். "இதைத்தானே நான் தினம் கார்த்தால வாசல்ல போடறேன்? நான் போட்டா சைக்கிளை ஏத்திண்டு போறேள். நீங்க போட்டா பிரிண்டு, லேமினேஷனா?" என்று சொல்லிவிட்டு டவராவை அந்த வேப்பிலை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். அந்தக் காபிக் கறை இப்போதும் அதில் இருக்கிறது. அது ஒரே இடத்தில் இருப்பதால் தப்புத்தான் என்று நீ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாய்.

நிறம் வந்தது பச்சைமலை போய் வந்த பிறகு. மழை விட்ட ஒரு நாள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, துறையூர் தாண்டி உப்பிலியபுரத்தில் இறங்கி, அங்கிருந்து மலையடிவாரம் நோக்கி நடந்தோம். வேலியோரம் செங்காந்தள் பூத்திருந்தது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, நெருப்பை யாரோ விரலால் பிடித்து மேலே இழுத்துவிட்டதுபோல். நீ மண்டியிட்டுப் படம் எடுத்தாய். எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே அதைச் சாம்பலாக்கத் தொடங்கினாய். பக்கத்து ஸீட்டில் மல்லிகைக் கூடையோடு இருந்த ஒரு அம்மா பார்த்துக்கொண்டே வந்தவள், பொறுக்க மாட்டாமல், "ஏங்க, நல்லா இருந்த பூவை ஏன் இப்படிப் பொசுக்குறீங்க?" என்று கேட்டாள்.

நீ அப்படியே நிறுத்தினாய். போனைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பிறகு பழையபடி நிறத்தைக் கொண்டுவந்து மடித்தாய். பஸ் குலுங்கிக்கொண்டிருந்தது. உன் உள்ளங்கையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வட்டம் சுற்றி எரிந்தது. உன் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு நீ போனை நீட்டிக் காட்டினாய். அவள் "இது கண்ணுல ஒத்திக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நம் விளையாட்டு தொடங்கியது. விடிந்ததும் உன் மண்டலா வரும், கீழே கேள்விக்குறி. அசல் எது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை குட்மார்னிங் கூடக் கிடையாது. நான் ஸ்வீட் டப்பா அட்டையில் ஒரு துண்டு மட்டும் தெரியும்படி ஓட்டை வெட்டி வைத்திருந்தேன். அதைப் படத்தின் மேல் வைத்து மற்ற ஏழையும் மறைத்துவிட்டு ஒன்றை மட்டும் பார்ப்பேன். முழு வட்டம் கண்ணைக் கட்டிவிடும், ஒரு துண்டு உண்மையைச் சொல்லிவிடும். பப்பாளி இலையின் காம்பு, தட்டானின் இறக்கை, ஈரமணலில் நண்டு போன தடம், மேலூர்ப் பக்கம் வாழைத்தோப்பில் கிழிந்த இலை, எல்லாம் சொல்லிவிடுவேன். ஒரு முறை உனக்குத் தெரியாமல் மாமிக்குப் போன் செய்து, "அவரு நேத்து எதைப் படம் எடுத்தாரு?" என்று விசாரித்தேன். அது உனக்குத் தெரிந்துபோய், அன்றிலிருந்து மண்டலாவைச் செய்த கையோடு அசலை அழிக்கத் தொடங்கினாய். என்மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு. இலை, பூ, தண்ணீர், மணல், பூச்சி, பறவை, இவை மட்டும். மனிதன் கூடாது. அந்த விதி வரக் காரணம் நான்தான். நீ அசந்த நேரத்தில் உன் மூக்கைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து மண்டலா செய்து அனுப்பினேன். எட்டு மூக்கு வட்டமாக நின்று நடுவில் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டிருந்தது. மாமி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நீ சிரித்துவிட்டுச் சொன்னாய்: "வேண்டாம்டா. இலையை எட்டாப் பெருக்கினா தெய்வம் மாதிரி இருக்கு. மனுஷனைப் பெருக்கினா பயமா இருக்கு. ஒருத்தன் ஒருத்தனாவே இருக்கட்டும்."

பிறகு உன் கண். கொள்ளிடக் கரையில் காலை நடையின்போது நான் மீன்கொத்தியைக் காட்டினேன். "எங்கே?" என்றாய். நேர் எதிரே, தண்ணீருக்கு மேலிருந்த கம்பத்தில் இருந்தது. நீ முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்து, "ஓ, இருக்கு" என்றாய். நான் கேட்குமுன் நீயே சொன்னாய். நடுப்பார்வை மட்டும் தேய்கிற நோயாம். ஓரத்தில் எல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாயோ அதுதான் இருக்காது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்து, தினம் அதன் நடுப்புள்ளியைப் பார், கோடுகள் வளைந்தால் உடனே வா என்றார்களாம். அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாய். "இதுவும் ஒரு மண்டலாதான்டா. நான் ஒண்ணுமே பண்ண வேண்டாம், தானே நாளுக்கு ஒரு தினுசா வளையறது" என்றாய். வாழ்நாள் முழுக்கக் கண்ணைக் கொண்டு பிழைத்தவனுக்கு இப்படியா வர வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று பாலக்கரை மாதா கோவிலில் போய் உட்கார்ந்து சாமியிடம் சண்டை போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நீ மண்டலாவை நிறுத்தவில்லை. நிறுத்துவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் குத்துமதிப்பாகப் படம் எடுத்தாய். வீட்டில் டிவியில் பெரிதாக்கி, சாய்ந்து உட்கார்ந்து, ஓரக்கண்ணால் பார்த்து மடித்தாய். மண்டலாவுக்கு நடுப்புள்ளிதானே உயிர், அது மட்டும் உன் கண்ணுக்குத் தெரியாது. "நடுவுல என்னடா இருக்கு? சொல்லு" என்று என்னைக் கேட்பாய். நான் சொல்லுவேன். "நட்சத்திரம் மாதிரி இருக்கு. ஓரம் கொஞ்சம் பச்சை." நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் தலையாட்டுவாய், இருட்டறையில் கண் பழகக் காத்திருந்தோமே, அதேபோல. சில நாள் நடுவில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. அன்றும் ஏதாவது சொல்லி வைப்பேன்.

நடைக்குப் போனால் என்னை முன்னால் விட்டு நீ பின்னால் வர ஆரம்பித்தாய். பக்கத்தில் வாடா, பேசிக்கொண்டே போகலாம் என்றால் கேட்க மாட்டாய். "நீ முன்னாடி போ. மணல்ல பள்ளம் மேடு எனக்குத் தெரியறதில்லை. நீ கால் வைக்கற இடத்துல நான் வெச்சுக்கறேன்" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே, "நேராப் பார்த்தா நீ இல்லவே இல்லைடா. கொஞ்சம் ஓரமாப் பார்த்தாத்தான் இருக்கே" என்றாய். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நாணல் பூத்த கரையில், நீ பின்னால் வருகிறாய் என்பதைச் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டு நடந்த காலைகள் அவை.

நீ போன பிறகு அந்தக் கடைசிப் படத்தோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டாயே. கொள்ளிடத்துக்குப் போய் நாணல் பூவைப் பறித்து வந்து போனோடு ஒட்டிப் பார்த்தேன். இல்லை. உங்கள் வீட்டு முற்றம் முழுக்கத் தேடினேன். தேங்காய் நார், வெட்டிவேர், பூனை முதுகு, மாமி வெயிலில் வைத்த இலவம் பஞ்சு, ஒன்றும் பொருந்தவில்லை. அட்டையை வைத்து ஒரு துண்டை மட்டும் பார்த்தாலும் இரண்டு சுழலும் அந்த வெற்றுக் கோடும் என்னைக் கேலி செய்தன. ஸ்டெல்லா, "செத்துப்போனவரு கூடவும் போட்டி போடுறீங்களே" என்றாள். போட்டி இல்லை அது. நான் பதில் சொல்லாதவரை நம் பேச்சு முடியவில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு. பதில் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு பயம்.

இடையில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் படக் கூடாது, தலை குளிக்கக் கூடாது என்று சொல்லி, முடியும் வெட்டாமல் காடாய் வளர்ந்துவிட்டது. இன்று காலைதான் சலூனுக்குப் போனேன். எத்தனையோ வருஷமாகப் போகும் கடைதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடுவேன், அதனால் அந்தக் கடையில் என் முகமே எனக்குக் கலங்கலாகத்தான் தெரியும். முடித்ததும் அவர் பின்னால் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார். நானும் ஒன்றும் தெரியாமலே "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு எழுந்து வருவேன்.

இன்று கழற்ற மூக்குக்கண்ணாடியே இல்லை. டாக்டர் உள்ளே வைத்த லென்ஸில் தூரத்துக் காலண்டர்த் தேதிகூடப் பளிச்சென்று தெரிந்தது. முடிகாரர் வெட்டத் தொடங்குமுன், "பின்னாடி ரொம்ப வளந்துடுச்சு சார், பாருங்க" என்று கைக்கண்ணாடியைப் பிடித்தார். முன்னால் பெரிய கண்ணாடி, பின்னால் சின்னக் கண்ணாடி. ஒன்றுக்குள் ஒன்றாக என் பின்மண்டை வரிசையாகப் போனது.

வெள்ளையும் சாம்பலுமாக முடி ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடி வந்து, உச்சியில் சுழன்று உள்ளே போயிற்று. பக்கத்தில் இன்னொரு சுழி. எனக்கு இரட்டைச் சுழி என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. இரண்டுக்கும் கீழே, முடி முளைக்காத ஒரு வெற்றுக் கோடு. நீ கைக்குட்டை வைத்து அழுத்திய இடம்.

"சார், என்ன சார், கண்ணுல மருந்து போடணுமா?" என்று முடிகாரர் கேட்டார். "இல்லப்பா, சும்மா" என்றேன். அவர் தோள்துண்டின் நுனியால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். நல்ல மனிதர்.

விதியை மீறிவிட்டாயேடா. மனிதன் கூடாது என்று சொன்னவன் நீதானே. கொள்ளிடக் கரையில் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நான் நடந்தபோது, நீ பின்னால் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். நேராகப் பார்த்தால் மறைந்துபோகிற தலையைப் படம் பிடித்து, வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கி, ஓரக்கண்ணால் தேடி, ரிஜெக்ட் செய்ய வேண்டிய அந்த விரிசலையும் விடாமல் எடுத்து, எட்டாக மடித்துத் தாமரையாக்கியிருக்கிறாய். ரொம்பப் பக்கத்தில்தான் இருந்தது, உண்மைதான். என் உடம்பிலேயே நான் பார்க்க முடியாத இடம் அது. அதை நீ எனக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறாய்.

வெட்டத் தொடங்குமுன்னே எழுந்து வந்து, சலூன் வாசலிலேயே நின்று மாமிக்குப் போன் செய்தேன். பீமநகர்ப் பக்கம் போகிற பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். மாமி சொன்னாள்:

"நன்னா இருக்கு. கட்டிண்ட நாள்லேர்ந்து சாதம் போட்டுண்டு பக்கத்துல இருந்தது நான். கடைசியில பார்த்தது உங்க மண்டையையா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல.

"அண்ணா, அதைப் பெரிசாப் பிரிண்ட் போட்டுண்டு வாங்கோ. வருஷாப்தீகம் முடிஞ்சதும் பெருமாள் படத்துக்குப் பக்கத்துல மாட்டறேன்."

"மாமி, அது என் தலை மாமி. அதுவும் பாலக்கரைத் தலை."

"பார்க்கறவாளுக்கு என்ன தெரியப் போறது? வெள்ளைத் தாமரைன்னு சொல்லிக்கறேன். அவருக்கு அப்படித்தானே தெரிஞ்சிருக்கு."

போனை வைத்துவிட்டு மறுபடி கடைக்குள் போய் உட்கார்ந்தேன். முடிகாரர் மெஷினை எடுத்தார். "பக்கவாட்டுல எப்படி வேணா வெட்டுங்க. பின்னாடி மட்டும் ரொம்பக் குறைச்சுடாதீங்க, அந்தச் சுழி தெரியணும்" என்றேன். இந்த வயதில் இந்த ஆளுக்கு என்ன ஸ்டைல் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

"என்னங்க, வெந்நீர் பச்சத்தண்ணியாயிடுச்சு. மேல என்னதான் பண்றீங்க?" ஸ்டெல்லா படியேறி வருகிறாள். போகிறேன். நாளைக் காலை கொள்ளிடக் கரையில் நடைக்கும் போகப் போகிறேன், நீ போன பிறகு முதல் தடவையாக. முன்னால் நடப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன், நீ கால் வைக்க வசதியாக இருக்கட்டும்.